தீர்ப்பைப் பற்றிப் பதிவு போடுவதற்கு முன்னால், தீர்ப்பைத் திறந்து பாருங்கள்

‘நீதிபதி சரமாரி கேள்வி’ என்று டிவியில் சிவப்புப் பட்டை ஓடியதும் உடனே போனை எடுத்துக் கருத்துச் சொல்ல உட்காராதீர்கள். விசாரணையில் நீதிபதி கேட்பது கேள்வி, அவ்வளவுதான். 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலை நேரத்தில், தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பேச்சு வந்தது, நாடு முழுக்க அதுதான் தலைப்புச் செய்தி. ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அதை நீக்கச் சொன்னபோது, எழுத்து உத்தரவில் அப்படி எதுவுமே இல்லையே, இல்லாததை எப்படி நீக்குவது என்றுதான் பதில் வந்தது. ஆக, முதலில் எழுத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள்.

தேடுவது இப்போது கஷ்டமில்லை. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் இரண்டின் தளங்களிலும் வழக்கு எண்ணைப் போட்டால் உத்தரவு வந்துவிடும், கீழமை நீதிமன்ற வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் இருக்கிறது, அதில் ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடங்களில் ஒரு சிஎன்ஆர் எண் உண்டு.

கோப்பு கிடைத்ததும் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். என்ன உத்தரவு, யாருக்கு, எத்தனை நாளில் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறம் முதலுக்கு வந்து காரணங்களைப் படியுங்கள். நடுவில் இரண்டு பக்கத்துக்கு ஒரு தரப்பு வக்கீலின் வாதத்தைத் தொகுத்திருப்பார்கள், அதை நீதிமன்றம் சொன்னதாக வெட்டிப் போடுவதுதான் நம்மூரில் அடிக்கடி நடக்கிற கூத்து.

கூட்டல் கணக்கு இருந்தால் கூட்டிப் பாருங்கள், சும்மா சொல்லவில்லை. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை தந்தது. வருமானத்துக்கு மேல் இருந்த சொத்து 8.12 சதவீதம்தான், 10 சதவீதம் வரை பரவாயில்லை என்பது அடிப்படை. அந்த வருமானத்தில் வங்கிக் கடன்களும் சேர்த்தி. தீர்ப்பில் போட்டிருந்த கடன் தொகைகளை வரிசையாகக் கூட்டினால் சுமார் 10.67 கோடிதான் வருகிறது, மொத்தம் என்று எழுதியிருந்ததோ 24.17 கோடி! அந்தப் பதின்மூன்றரைக் கோடியைக் கழித்தால் 8 சதவீதம் என்பது 76 சதவீதத்துக்குப் போய்விடும். பட்டியலைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அன்றைக்கே இது தெரிந்துவிட்டது, மற்றவர்கள் பட்டாசு வெடிப்பதிலும் திட்டுவதிலும் இருந்தார்கள். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து, அவர்களைக் குற்றவாளிகள் என்று சொன்ன பெங்களூரு தனி நீதிமன்றத்தின் தீர்ப்பையே மறுபடி நிலைநிறுத்தியது. ஜெயலலிதா அதற்குள் இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது, சசிகலா உள்ளிட்ட மற்ற மூவர் சிறைக்குப் போனார்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். ஜாமீன் கிடைத்தால் விடுதலை ஆகிவிட்டார் என்றும், எஃப்ஐஆர் போட்டதும் குற்றவாளி என்றும் எழுதாதீர்கள்.

வக்கீலைத் திட்டுவதையும் விடுங்கள். ‘இவனுக்கெல்லாம் ஒரு வக்கீலா’ என்று கேட்கத் தோன்றும், சரி, ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது, அதுவும் கோயம்புத்தூரில் கிளம்பிய வழக்கில்.

நீதிமன்ற அவமதிப்பு பயமா? 1971-ம் ஆண்டுச் சட்டத்தின் 5-வது பிரிவே, முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்கிறது. தீர்ப்பு தப்பு, இன்ன காரணத்தால் தப்பு என்று எழுதலாம். நீதிபதி விலைபோய்விட்டார் என்று ஆதாரமில்லாமல் எழுதினால்தான் வம்பு. 2020-ல் இரண்டு ட்வீட்டுகளுக்காக உச்ச நீதிமன்ற வக்கீல் பிரசாந்த் பூஷண் குற்றவாளி ஆனார், அபராதம் ஒரு ரூபாய். கட்டாவிட்டால் மூன்று மாதச் சிறை, மூன்று வருடம் உச்ச நீதிமன்றத்தில் வக்கீலாக ஆஜராக முடியாது. கட்டிவிட்டார்.

பாலியல் வழக்கு என்றால் பதிவை அனுப்புவதற்கு முன்னால் இன்னொரு முறை படியுங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரைப் போடக் கூடாது என்பது தெரிந்ததுதான், போக்சோ வழக்கில் குழந்தையின் பள்ளி, வீடு இருக்கும் பகுதி, அப்பா அம்மா யார் என்பதைக்கூட எழுதக் கூடாது.