ஸ்லைடர் ஆமை வளக்குறீங்களா? தண்ணியில இருந்து ஆரம்பிங்க

கண்ணுக்குப் பின்னாடி செவப்புக் கோடு இருக்குமே, அந்த ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமை, அது நல்லா தின்னு நீந்திக்கிட்டு இருந்தாலும் குடல்ல சால்மொனெல்லாங்கிற கிருமி இருக்கலாம், அதுக்கு ஒண்ணும் ஆகாது, நமக்குத்தான் வயித்தால போயி காய்ச்சல் வரும். டெஸ்ட்ல இல்லன்னு வந்தாலும் நம்பாதீங்க, கிருமி விட்டு விட்டுத்தான் வெளிய வரும். ஆன்டிபயாட்டிக் குடுத்தா போயிடும்னு சொல்றவங்கள கண்டுக்காதீங்க, போகாது, மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

அமெரிக்காவுல 1975லயே 4 இன்ச்சுக்குக் கம்மியா ஓடு உள்ள ஆமைய பெட்டா விக்கத் தடை போட்டாங்க, குட்டி ஆமைய பசங்க வாயில வச்சிக்குதுங்கன்னுதான். 5 வயசுக்குக் கீழ கொழந்த, வயசானவங்க, கீமோ எடுக்குறவங்க வீட்டுல இருந்தா ஆமையே வேணாங்க, பாவம் பாக்காதீங்க.

சரி, தண்ணி. ஆமை திங்கிறதும் அதுலதான் கக்கா போறதும் அதுலதான், அதனால மீனுக்குப் போடுற ஃபில்டர் பத்தாது, தொட்டி அளவுக்கு ரெண்டு மடங்கு தாங்குற ஃபில்டரா பாத்து வாங்குங்க. வாரா வாரம் கால்வாசி தண்ணி மாத்துங்க, மிச்ச தீனிய அன்னிக்கே எடுத்துடுங்க. ஃபில்டர் ஸ்பாஞ்ச பைப் தண்ணியில அலசாதீங்க, குளோரின் பட்டா அம்மோனியாவ திங்கிற நல்ல பாக்டீரியாவும் செத்துடும், தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே பிழிஞ்சா போதும். ட்யூப வாயில உறிஞ்சி தண்ணி இறக்குறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். அழுக்குத் தண்ணி டாய்லெட்டுக்குப் போகட்டும், கிச்சன் சிங்க் பக்கமே வரக்கூடாது, பக்கெட்டு பிரஷ்ஷும் தனியா வச்சிக்கோங்க.

வெயில் காய ஒரு மேடு, மேல லைட்டு, அதுல ஏறி ஓடு முழுசா காயணும், எப்பவும் ஈரமாவே இருந்தா ஓடு அழுக ஆரம்பிக்கும். மெதுமெதுன்னு பட்டாலோ நாத்தம் அடிச்சாலோ வெட் டாக்டர்கிட்ட போங்க, மஞ்சள் தடவிட்டு உக்காராதீங்க.

தொட்டிய முழுசா கழுவுறப்போ ஆமைய வேற டப்புக்கு மாத்திட்டு மொதல்ல வழவழப்பு போக நல்லா தேயுங்க, அழுக்கு மேல ப்ளீச் ஊத்துனா வேலைக்கே ஆகாது. அப்புறம் லிட்டருக்கு 30 மில்லி ப்ளீச், 10 நிமிஷம், நல்லா அலசி காய விடுங்க. ப்ளீச்சோட ஆசிட் கலந்துடாதீங்க, விஷ வாயு வரும்.

தொட்டாலும் தண்ணியில கை விட்டாலும் சோப்பு போட்டு 20 செகண்ட் கை கழுவணும். வீட்டுல யாருக்காவது பேதியோட காய்ச்சல் வந்தா, டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே ஆமை வளக்குறோம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க.