உளுந்தங்களியும் தையல் நாடாவும்: 41 கிலோவிலிருந்து 49 கிலோவுக்கு

கோவில்பட்டியில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். 158 செ.மீ. உயரத்துக்கு 41 கிலோதான் இருந்தேன். உயரத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள். வருவதைக் கொண்டு எடையை வகுத்தால் 18.5-க்குக் குறையக் கூடாது. எனக்கு 16.4 வந்தது. 18.5-க்கு மேல் வந்து, களைப்பில்லாமல் வேலை ஓடுகிறதென்றால் ஊர்ப்பேச்சுக்காக எடை ஏற்ற வேண்டாம்.

முதலில் டாக்டரைப் பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இறங்கினால் தைராய்டோ சர்க்கரையோ இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். எனக்கு இரத்தச் சோகை. மிஷினில் உட்கார்ந்தபடி நாளைக்கு ஐந்து டீ குடிப்பேன். அது பசியையும் அடக்கியது, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடவில்லை. இரண்டு டீயாகக் குறைத்தேன், அதுவும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளித்தான்.

அதற்கு முன்னால் ஒரு தப்பு செய்திருந்தேன். பத்தே நாளில் கன்னம் வைக்கும் என்று ஒரு மருந்துக் கடையில் பெயர் எழுதாத மாத்திரைப் பொட்டலம் கொடுத்தார்கள். முகம் உப்பியது. ஸ்டீராய்டு கலந்திருக்கும், ஏறியது சதையில்லை, நீர் என்றார் டாக்டர். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ரொம்ப நாளாகச் சாப்பிட்டு வருகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

வழக்கமாகச் சாப்பிடுவதைவிட நாளைக்கு 300 முதல் 500 கலோரி கூடினால் போதும். ஒரே வேளையில் திணித்தால் மறுவேளை பசிக்காது. அதனால் பிரித்துப் போட்டேன். காலை இட்லியோடு ஒரு முட்டை, 70 கலோரி. பதினொரு மணிக்கு ஒரு வாழைப்பழம், 100. நாலு மணிக்கு ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, அது மட்டும் 170. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். மதியச் சோற்றைக் கூட்டவில்லை. பருப்பை ஒரு கரண்டி கூட்டினேன். பரோட்டாவிலும் எடை ஏறும், ஆனால் இடுப்பில்தான் ஏறும்.

வாரம் மூன்று நாள் உளுந்தங்களி. ஆச்சி சொல்லிக் கொடுத்த அளவு இது: தோலோடு கறுப்பு உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. வாசம் வரும்வரை தனித்தனியே வறுத்து மிஷினில் திரித்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் மாவுக்கு முக்கால் டம்ளர் தட்டிய கருப்பட்டி. மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும். ஆறியதும் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கிண்டவேண்டும். "ஏட்டி, கையை நிறுத்தாத, அடி பிடிச்சிரும்" என்று ஆச்சி பக்கத்திலேயே நிற்பாள். நல்லெண்ணெயை விட்டு விட்டுக் கிண்டி, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள். எலுமிச்சை அளவு உருண்டை இரண்டு, நடுவில் குழித்து அதில் நல்லெண்ணெய் ஊற்றி, காலையில் சாப்பிட்டால் மெதுவாகச் செரிக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் ஆகாது.

சாப்பிடுவது சதையாக வேண்டுமானால் உடம்புக்கு வேலை வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், நாற்காலியில் கை படாமல் உட்கார்ந்து எழுவது 15 தடவை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது கைக்கு 12 தடவை. இரண்டையும் மூன்று சுற்று செய்வேன்.

ஞாயிறு காலை, வெறும் வயிற்றில் மட்டும் எடை பாருங்கள். மாதம் ஒரு கிலோ ஏறினாலே நல்ல ஏற்றம். நான் தராசைவிடத் தையல் நாடாவை நம்பினேன். இடுப்பு மட்டும் ஏறி மேல்கை அப்படியே இருந்தால் எண்ணெயையும் இனிப்பையும் குறைத்து, முட்டை, பருப்பு, உடற்பயிற்சியைக் கூட்டவேண்டும். பத்து மாதத்தில் என் மேல்கை எட்டரை அங்குலத்திலிருந்து ஒன்பதரை ஆனது. என் ரவிக்கைகளின் கையை எல்லாம் பிரித்து, உள்ளே மடித்துவிட்டிருந்த துணியை வெளியே எடுத்துத் தைத்தேன்.