மாட்ரிட்டிலிருந்து திடீரென்று கோர்தோபா: ஓர் இரவுப் பயணத்துக்கான வழிமுறை

முன்னேற்பாடு இல்லாமல் ஒரு பழைய நகரத்துக்குக் கிளம்புகிறவர்கள், ரயிலில் ஏறியதும் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடத் தொடங்கிவிடுகிறார்கள். தெற்கு ஸ்பெயினில் உள்ள கோர்தோபாவுக்குப் பட்டியல் தேவையில்லை. மறுநாள் காலை எட்டரை மணிக்கு, பள்ளிவாசலாகத் தொடங்கித் தேவாலயமாக மாறிய மெஸ்கித்தாவின் வாசலில் நிற்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டால் போதும். ஷெங்கன் விசாவுடன் ஏற்கெனவே மாட்ரிட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: கிழமையைப் பாருங்கள்

திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை குழுவாக அல்லாமல் தனிப்பட்ட முறையில் வருகிறவர்கள் மெஸ்கித்தாவைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஞாயிறு காலையில் இந்த வசதி இல்லை. எனவே சனிக்கிழமை மாலை கிளம்புவதைத் தவிர்த்துவிடுங்கள். சமயத் திருநாள்களில் நேரம் மாறக்கூடும் என்பதால், அதிகாரப்பூர்வ இணையதளத்தை முந்தைய நாளே பார்த்துவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மே மாதத்தில் வீட்டு முற்றங்களைப் பூக்களால் அலங்கரிக்கும் திருவிழா நடப்பதால், கடைசி நேரத்தில் அறை கிடைப்பது கடினம்.

படி 2: ரயில் பயணச்சீட்டு

மாட்ரிட்டின் அத்தோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய 1 மணி 45 நிமிடப் பயணம். ரென்ஃபே, இர்யோ, ஊய்கோ ஆகிய மூன்று நிறுவனங்களின் ரயில்கள் இந்தத் தடத்தில் ஓடுகின்றன. நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும் என்பதால் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பைகளைச் சோதித்த பிறகே நடைமேடைக்கு விடுவார்கள். ஆகவே பாஸ்போர்ட்டுடன் அரை மணி நேரம் முன்னதாகச் சென்றுவிடுவது நல்லது.

படி 3: அறை

மெஸ்கித்தாவை ஒட்டிய ஹுதேரியா என்னும் பழைய யூதர் குடியிருப்பில் அறை எடுங்கள். அங்குள்ள சந்துகள் பலவற்றில் வாகனம் நுழைய முடியாது. முதுகில் மாட்டும் ஒரு சிறு பை மட்டும் இருந்தால் நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் நடந்தே வந்துவிடலாம்.

படி 4: மாலை

குவாதல்கிவிர் ஆற்றின் மீதுள்ள ரோமானியப் பாலத்தைக் கடந்து, மறுகரையில் நிற்கும் கலஹோர்ரா கோபுரம் வரை சென்று, இருட்டும் நேரத்தில் ஊரைத் திரும்பிப் பாருங்கள். இரவு உணவு எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் சூடுபிடிக்கும். தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கெட்டியாக அரைத்துக் குளிரவைத்த சல்மொரேஹோ இந்த ஊரின் உணவு. அதன் மேல் முட்டையும் பன்றி இறைச்சியும் தூவுவார்கள். சைவர்கள் முன்கூட்டியே "சின் உவேவோ, சின் ஹமோன்" (முட்டை வேண்டாம், பன்றி இறைச்சி வேண்டாம்) என்று சொல்லிவிட வேண்டும். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தரும் பண்டத்தையும் தவறவிடாதீர்கள்.

படி 5: காலை எட்டரை மணி

முதல் முறை நான் முற்பகல் பதினொரு மணிக்குச் சென்றேன். வழிகாட்டிகளின் பின்னால் நகரும் கூட்டத்தில் ஒரு தூணின் அடிப்பகுதியைக்கூட நின்று பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை மீண்டும் சென்றபோதுதான் அந்தக் கட்டடம் எனக்குப் புரிந்தது.

நுழைந்தவுடன் நடுவே இருக்கும் தேவாலயத்தை நோக்கி விரைய வேண்டாம். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நகரை ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் பள்ளிவாசலாகக் கட்டத் தொடங்கிய மிகப் பழைய பகுதியில் முதலில் நில்லுங்கள். ரோமானியர்களும் அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்தியர்களும் கட்டிய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்த தூண்கள் அங்கே நிற்கின்றன. ஒன்றின் நிறமும் தலைப்பகுதியும் மற்றொன்றோடு ஒத்துப்போவதில்லை. அந்தத் தூண்கள் குட்டையானவை. கூரையை உயர்த்துவதற்காக, கீழே குதிரை லாட வடிவ வளைவு, அதற்கு மேலே அரைவட்ட வளைவு என்று இரண்டடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் வண்ணப்பூச்சு அல்ல, மாறி மாறி அடுக்கிய செங்கல்லும் கல்லும். பிறகு, 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்மன்சோர் விரிவாக்கிய கிழக்குப் பகுதிக்குச் சென்று அண்ணாந்து பாருங்கள்: அங்கே வளைவுகள் முழுவதும் கல், சிவப்பு மட்டும் பூசியது. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பிடித்துவிட்டால், எந்தத் தலைமுறை கட்டிய பகுதியில் நிற்கிறோம் என்பது வழிகாட்டி இல்லாமலேயே தெரியும்.

அடுத்து, கலீஃபா இரண்டாம் அல்-ஹக்கம் காலத்து மிஹ்ராபின் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்தின்) பொன்னிற மொசைக்கைப் பார்த்துவிட்டு, கடைசியாக நடுப்பகுதிக்கு வாருங்கள். 1236இல் நகரம் காஸ்டீலின் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் ஃபெர்னாந்தோவின் வசமானபோது பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. 1523இல் தூண்களை அகற்றி நடுவே உயரமான தேவாலயத்தை எழுப்பத் தொடங்கினார்கள். அந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது; ஆனாலும் 850க்கும் மேற்பட்ட தூண்கள் எஞ்சியிருக்கின்றன.

படி 6: மிஞ்சிய நேரம்

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிட நடையில் 1315இல் கட்டிய சிறிய யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. அல்லது மேற்கே 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மதினா அஸஹாரா அரண்மனை நகரத்தின் இடிபாடுகளுக்குப் பேருந்தில் செல்லலாம். திங்களன்று அது மூடியிருக்கும், அரை நாளும் பிடிக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், மாட்ரிட் திரும்பும் ரயிலை மாலை ஐந்து மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.