கூம்புத் தலைக் கடற்புழுக்கள்: கிளைசெரிடேயா, கோனியாடிடேயா?

கடலடி மண்ணைச் சலிக்கும்போது கிடைக்கும் பாலிகீட்டா (உடலின் பக்கங்களில் நுண்முட்கள் கொண்ட) புழுக்களில், தலை கூம்பாக நீண்டு, அதன்மீது வளையக் கோடுகளும் நுனியில் நான்கு மிகச் சிறிய உணர்கொம்புகளும் கொண்ட புழு கிளைசெரிடே குடும்பத்தையோ அதன் நெருங்கிய உறவான கோனியாடிடே குடும்பத்தையோ சேர்ந்ததாக இருக்கும். தலையை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரிக்க முயல்வது வீண்; தொடக்கத்தில் நான் பல மணி நேரத்தை அங்கேதான் தொலைத்தேன். பார்க்க வேண்டியவை தொண்டையும் பக்கக்கால்களும்.

முதலில் புழுவை மயக்க வேண்டும். உயிருடன் ஃபார்மலினில் இட்டால் அது முறுக்கிக்கொள்ளும், சில நேரம் துண்டாகிவிடும். நன்னீரில் கரைத்த 7.5% மெக்னீசியம் குளோரைடைக் கடல்நீருடன் சம அளவு கலந்து, தொட்டாலும் அசையாத நிலை வரும்வரை புழுவை அதில் வைத்திருங்கள். பின்னர், கடல்நீர் கலந்த 10% ஃபார்மலினில் ஓரிரு நாள் வைத்துக் கழுவி, 70% எத்தனாலுக்கு மாற்றுங்கள். ஃபார்மலினைக் கையுறையுடன், காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டுமே கையாள வேண்டும். உடற்குழி நீரிலுள்ள ஹீமோகுளோபினால் உயிருள்ள கிளைசெரிடே புழுக்கள் பல சிவந்து தெரியும். அந்த நிறம் எத்தனாலில் நிற்காது என்பதால் அதை அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

அடுத்தது தொண்டை. இரு குடும்பங்களுமே அதை நீண்ட குழாய்போல் வெளியே தள்ளக்கூடியவை. குழாயின் முனையில் நான்கு கரிய கொக்கிகள் சிலுவைபோல் எதிரெதிராக அமைந்திருந்தால் அது கிளைசெரிடே. (அக்கொக்கிகளில் செம்புத் தாது உண்டு, நச்சுச் சுரப்பியும் இணைந்திருக்கும், உயிருள்ள பெரிய புழுவை விரலால் பிடிக்க வேண்டாம்.) இரண்டு பெரிய தாடைகளோடு பல நுண்தாடைகளும் சேர்ந்து வட்டமாக நின்றால் அது கோனியாடிடே. தொண்டை உள்ளிழுக்கப்பட்டிருந்தால், நுண்கத்தரியால் உடலை நீளவாக்கில் கீறித் திறக்க வேண்டும். தாடைகள் தலையிலிருந்து வெகுதூரம் பின்னால் தள்ளி இருக்கும் என்பதால், தலைக்கு அருகில் மட்டும் தேடிவிட்டுத் தாடையே இல்லை என்று குறித்துவிடாதீர்கள். தொண்டையின் அடிப்பகுதியில் இருபுறமும் 'வி' வடிவத் துண்டுகள் வரிசையாகத் தெரிந்தால், சந்தேகமின்றிக் கோனியாடிடே. ஆனால் அவை இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதே குடும்பத்தின் கிளைசிண்டே பேரினத்தில் அவை இருப்பதில்லை.

கடைசியாக, பாரபோடியா எனப்படும் பக்கக்கால்கள். உடலின் முன், நடு, பின் பகுதிகளிலிருந்து ஒவ்வொன்றை வெட்டி, கிளிசரின் துளியில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். கோனியாடிடேயில் முன்பகுதியின் பல உடற்கண்டங்களில் ஒற்றைக் கிளையாக இருக்கும் கால், பின்னால் செல்லும்போது இரட்டைக் கிளையாக மாறும். கிளைசெரிடேயின் கிளைசெரா பேரினத்தில் முதல் இரண்டு கண்டங்களைத் தவிர மற்றவை எல்லாம் இரட்டைக் கிளை. அதே குடும்பத்தின் ஹெமிபோடியா பேரினத்திலோ உடல் முழுவதும் ஒற்றைக் கிளைதான். ஆகவே, கிளைகளின் எண்ணிக்கையைவிட, அது உடலின் எந்த இடத்தில் மாறுகிறது என்பதையே குறித்துக்கொள்ள வேண்டும். தலையற்ற பின்துண்டு மட்டும் கையில் இருந்தால், குடும்பப் பெயர் எழுதும் இடத்தை வெற்றாக விட்டுவிடுங்கள்.