உலோகத்தைச் சாணை பிடித்து மெருகேற்றுதல்: கல், தாள், வட்டு ஆகியவற்றைத் தேர்ந்து கையாளும் முறை

சாணைக்கல்லும் உப்புத்தாளும் உலோகத்தைத் தேய்த்துக் கரைப்பதாகவே பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அவற்றின் மேற்பரப்பில் நிற்கும் ஒவ்வொரு மணியும் (தேய்ப்புப் பொருளின் கடினமான துகள்) ஒரு நுண்ணிய உளியாக உலோகத்தைச் சீவி எடுக்கிறது. நன்றாக வெட்டும் கல்லுக்கு அடியில் விழும் பொடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், லேத்தில் விழுவதைப் போன்ற சுருள் சீவல்கள் அதில் கிடக்கும். மணியின் முனை மழுங்கிவிட்டால் சீவல் நின்று உரசல் தொடங்குகிறது. உரசலால் வெப்பம்தான் மிஞ்சும், உலோகம் குறையாது. எந்தக் கல், எந்த எண், எவ்வளவு அழுத்தம் என்ற கேள்விகள் யாவும் மணியைக் கூர்மையாக வைத்திருப்பதைப் பற்றியவையே.

மணியின் பொருளை உலோகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரும்பு, எஃகு வேலைகளுக்குப் பொதுவாக ஏற்றது அலுமினியம் ஆக்சைடு. அதில் பழுப்பு வகை உறுதியானது, முரட்டு வேலையைத் தாங்கும். வெள்ளை வகை எளிதில் உடைந்து புதிய முனையைக் காட்டுவதால், சூடேறக் கூடாத கருவி எஃகுக்கு உகந்தது. சிலிக்கான் கார்பைடு அதைவிடக் கடினமானது, ஆனால் நொறுங்கும் இயல்புடையது. வார்ப்பிரும்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். கார்பைடு முனை வைத்த லேத் கருவிகளுக்குப் பச்சை நிறச் சிலிக்கான் கார்பைடு கல்லே வழக்கம். 1891-இல் எட்வர்ட் அச்சசன் என்ற அமெரிக்கர் இதைச் செயற்கையாக உருவாக்கி இட்ட கார்போரண்டம் என்ற பெயர் பட்டறைகளில் இன்றும் புழங்குகிறது. கடினம் கூடுதல் என்பதால் எஃகுக்கும் இதுவே மேல் என்று நினைத்துவிடக் கூடாது. எஃகில் இதன் முனை விரைவில் தேய்ந்துவிடும். வைரத்துக்கும் இதே சங்கடம் உண்டு. உயர் வெப்பத்தில் இரும்பு வைரத்தின் கார்பனைத் தன்னுள் இழுத்துக்கொள்வதால், கடினப்படுத்திய எஃகுக்கு வைரத்துக்கு அடுத்த கடினமுடைய கனசதுர போரான் நைட்ரைடைப் பயன்படுத்துகிறார்கள். வெல்டிங் மேட்டை வேகமாக இறக்குவதற்கு சிர்கோனியா கலந்த வட்டும் செராமிக் மணி வட்டும் உள்ளன. இவற்றின் மணி அழுத்தத்தில் சிறிது சிறிதாக உடைந்து தன்னைத்தானே கூர்மையாக்கிக்கொள்ளும்; ஆகவே இவற்றை மெல்லத் தடவுவது பணத்தை வீணாக்குவதற்குச் சமம்.

கல்லின் பக்கவாட்டில் ஒட்டிய தாளில் உள்ள குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் தேர்வு பாதி முடிந்துவிடும். ‘ஏ 60 கே 5 வி’ என்றிருந்தால், ‘ஏ’ அலுமினியம் ஆக்சைடையும், 60 மணியின் அளவையும், ‘கே’ கல்லின் இறுக்கத்தையும், 5 மணிகளுக்கு இடையிலான நெருக்கத்தையும், ‘வி’ சூளையில் சுட்டுக் கண்ணாடித்தன்மை பெற்ற பிணைப்பையும் குறிக்கும். எண் ஏற ஏற மணி சிறுக்கும். இவற்றுள் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இறுக்கத்தைத்தான். அது மணியின் கடினத்தைச் சொல்வதில்லை; பிணைப்பு மணியை எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. ‘ஏ’ மிக மென்மையானது, ‘இசட்’ மிகக் கெட்டியானது. கடினமான உலோகத்துக்கு மென்மையான கல்லும், மென்மையான உலோகத்துக்குக் கெட்டியான கல்லும் பொருந்தும். கடின எஃகு மணியை விரைவில் மழுக்கிவிடுவதால், மழுங்கிய மணி உதிர்ந்து அடுத்த மணி வெளிவர வேண்டும். மென்மையான எஃகில் மணி நெடுநேரம் கூர்மையாக இருப்பதால், அதைப் பயன்தீரும் முன்பே உதிர விடக் கூடாது.

கல் வெட்டாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மணிகள் மழுங்கிவிட்டால் முகம் கண்ணாடிபோல் பளபளக்கும். விரலால் தடவினால் (இயந்திரம் முற்றிலும் நின்ற பிறகுதான்) சொரசொரப்பே இராது. உலோகம் இடுக்குகளில் அடைத்துக்கொண்டால் முகத்தில் மினுமினுக்கும் திட்டுகள் தெரியும். இரண்டுக்கும் மருந்து டிரெஸ்ஸிங்: நட்சத்திரச் சக்கர டிரெஸ்ஸரையோ வைர முனையையோ தாங்கியில் (கல்லின் முன்னால் பொருளை ஊன்றும் தட்டு) ஊன்றி, சுழலும் முகத்தின் குறுக்கே ஒரே சீராக நகர்த்தி, மேல்தோலை உரித்தெடுக்க வேண்டும். டிரெஸ்ஸிங் செய்யாமல் அழுத்தத்தைக் கூட்டுபவர் வேலைப்பொருளை எரிக்கிறார் என்றே பொருள். சாதாரணக் கார்பன் எஃகு உளியின் முனை ஏறத்தாழ 230 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறம் காட்டும், 300-ஐ ஒட்டி நீலமாகும். நீலம் ஏறிய இடத்தில் கடினம் இறங்கிவிட்டது. அந்த நிறத்தை மட்டும் தேய்த்து அகற்றுவது குறையை மறைக்குமே தவிர, கூர் நிற்க உதவாது.

பெஞ்ச் கிரைண்டரில் புதிய கல்லைப் பொருத்தும் முன் அதை ஒலிச்சோதனைக்கு உட்படுத்துவது கட்டாயம். உலர்ந்த கல்லை விரலில் தொங்கவிட்டு, நிமிர்ந்த நடுக்கோட்டின் இருபுறமும் 45 பாகை தள்ளி, விளிம்பிலிருந்து 25 முதல் 50 மில்லிமீட்டர் உள்ளே, திருப்புளியின் மரப்பிடி போன்ற உலோகமல்லாத பொருளால் மெல்லத் தட்ட வேண்டும். பின்னர் கல்லை 45 பாகை திருப்பி மீண்டும் தட்ட வேண்டும். வெண்கலமணிபோல் தெளிவாக ஒலித்தால் பொருத்தலாம். செத்த ஒலி வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது, அந்தக் கல்லைப் பயன்படுத்தக் கூடாது. இச்சோதனை சுட்ட பிணைப்புக் கல்லுக்கே உரியது. ரெசின் பிணைப்புக் கல் அப்படித் தெளிவாக ஒலிப்பதில்லை. கல்லுக்கும் இரும்புத் தட்டுகளுக்கும் இடையே தாள் வளையம் வைத்து, நட்டை அளவோடு இறுக்கி, தாங்கிக்கும் கல்லுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் சரிசெய்ய வேண்டும். அகன்ற இடைவெளியில்தான் வேலைப்பொருள் சிக்கிக் கல் உடைகிறது. முதல்முறை ஓட்டும்போது பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும்.

ஆங்கிள் கிரைண்டரில் வேகமே ஆபத்து. ரெசின் வட்டுகள் பெரும்பாலும் வினாடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்துக்கு உரியவை. 125 மில்லிமீட்டர் வட்டில் இது நிமிடத்துக்குச் சுமார் 12,200 சுழற்சிகள். நிமிடத்துக்கு 11,000 சுற்றும் சிறிய இயந்திரத்தின் காப்பைக் கழற்றிவிட்டு 180 மில்லிமீட்டர் வட்டைப் பொருத்தினால், விளிம்பு வேகம் 100 மீட்டரைத் தாண்டும். அந்த வட்டு சிதறுமா என்ற கேள்விக்கு இடமில்லை. எப்போது சிதறும் என்பதே கேள்வி. வட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் பயன்பாட்டுக் கால எல்லை பொறிக்கப்பட்டிருக்கும். ஈரத்தில் கிடந்த ரெசின் வலுவிழப்பதால் அதை மதிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வட்டு நேராக வெட்டுவதற்கு மட்டுமே உரியது; பிசிர் எடுக்க அதைச் சாய்த்துப் பக்கவாட்டில் அழுத்துவது கண்ணைப் பணயம் வைப்பதாகும். தடித்த கிரைண்டிங் வட்டை 25 முதல் 30 பாகை சாய்த்தும், ஃபிளாப் வட்டை (உப்புத்தாள் இதழ்களை அடுக்கி ஒட்டிய வட்டு) ஏறக்குறைய படுக்கையாகவும் பிடிக்க வேண்டும். என் கணிப்பில், தகட்டு வேலையில் 60 எண் ஃபிளாப் வட்டு இருந்தால் தடித்த வட்டைத் தொடத் தேவையே வராது. அது தோண்டிப் பள்ளம் போடாமல் வெல்டிங் மேட்டையும் இறக்கித் தரும்.

மெருகின் தரம் கடைசித் தாளில் தீர்மானமாவதில்லை. ஒவ்வொரு தாளும் தனக்கு முந்தைய தாளின் கீறலை முழுமையாக எடுத்ததா என்பதில்தான் அது இருக்கிறது. பி60 தாளின் (‘பி’ ஐரோப்பிய அளவுமுறையின் குறி) மணி சராசரியாக 269 மைக்ரான், பி120-இல் 125, பி240-இல் 58.5, பி400-இல் 35. பி60-இலிருந்து நேரே பி240-க்குத் தாவினால், சிறுமணிகள் மேட்டின் உச்சியைப் பளபளப்பாக்கும், பள்ளத்தின் அடியை எட்டவே எட்டா. 60, 80, 120, 180, 240, 400 என்று படிப்படியாக ஏறுவது மெதுவாகத் தோன்றினாலும் மொத்த நேரம் குறைவு. ஒரு படியில் நீளவாக்கில் தேய்த்தால் அடுத்த படியில் குறுக்கே தேய்க்க வேண்டும். அப்போது பழைய கீறல்கள் புதியவற்றின் ஊடே நெடுக்கில் தெளிவாகத் தென்படும். ஐயமிருந்தால் மார்க்கர் மையைத் தடவித் துடைத்துப் பார்க்கலாம்: ஆழக்கீறலில் மட்டும் மை கோடாகத் தங்கியிருக்கும். அந்தக் கோடு மறையும்வரை எண்ணை ஏற்றக் கூடாது. படி மாறும்போதெல்லாம் பரப்பைத் துடைத்துவிடுவதும் அவசியம்; முந்தைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு பருமணி, பி400 பரப்பில் நீண்ட கோடு கிழித்துவிடும். தாள் வாங்கும்போது ‘பி’ என்ற எழுத்து உண்டா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் அமெரிக்க அளவுமுறையின் 600 ஏறத்தாழ பி1200-க்குச் சமம்.

பஃபிங் சக்கரம் (மெருகு சோப்பு தடவிய துணிச் சக்கரம்) கீறலை எடுக்கும் என்று நம்பி அவசரப்படுபவர்கள், பளபளக்கும் கீறல்களையே பெறுகிறார்கள். பி400 அல்லது அதற்கு மேல் ஒரே சீரான பரப்பு கிடைத்த பிறகே சக்கரத்துக்குப் போக வேண்டும். எவர்சில்வருக்குக் குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சை சோப்பும், பித்தளை, செம்பு, அலுமினியத்துக்குப் பழுப்பு டிரிப்போலியும், தங்கம், வெள்ளிக்கு இரும்பு ஆக்சைடான சிவப்பு ரூஜும் வழக்கம். ஒரு சோப்புக்கு ஒரு சக்கரம். பொருளைச் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே, பொருளின் விளிம்பு சுழற்சியை எதிர்கொள்ளாதபடி பிடிக்க வேண்டும்; தளர்ந்த கையுறையும் தொங்கும் துணியும் சக்கரத்தின் அருகே ஆகா.

எவர்சில்வருக்கென்று தனி வட்டுகளை ஒதுக்க வேண்டும். சாதாரண இரும்பைத் தேய்த்த வட்டை அதில் வைத்தால், பரப்பில் பதியும் இரும்புத் துகள்கள் சில நாட்களில் துருப்புள்ளிகளாக முளைக்கும். அலுமினியத்தைச் சாதாரணப் பெஞ்ச் கிரைண்டரில் தேய்க்கவே கூடாது. அது கல்லை அடைத்துச் சூடாக்குவதோடு, காப்புக்குள் இரும்புத் துருவுடன் சேர்ந்த அலுமினியத் தூள் பொறிபட்டால் தெர்மைட் எரிவாக (அலுமினியமும் இரும்புத் துருவும் வினைபுரிந்து மிகக் கடும் வெப்பத்தில் எரிவது) கிளம்பக்கூடும். காற்றில் மிதக்கும் அதன் தூள் வெடிக்கவும் செய்யும். மெழுகுப் பூச்சுத் தேய்த்த தனி ஃபிளாப் வட்டால் அலுமினிய வேலையை வேறிடத்தில் முடித்து, தூளை இரும்புத் தூளோடு கலக்காமல் தனியே அள்ளி அப்புறப்படுத்த வேண்டும்.