மதம் பயத்தில் பிறந்ததா என்று பிள்ளை கேட்டால்

பினாங்கில் எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் கல்லூரிப் பிள்ளைகள் கூடுவார்கள். "மாமா, மதமே பயத்தில் பிறந்ததுதான் என்று விரிவுரையாளர் சொல்கிறார், நான் என்ன சொல்லட்டும்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். இப்படிக் கேட்கிற பிள்ளையை அதட்டாதீர்கள். கூட உட்காருங்கள்.

முதலில், யார் சொன்னது என்று கேளுங்கள். எல்லாரும் ஒன்றையே சொல்லவில்லை. மானிடவியலாளர் டைலர் (1871) கனவையும் மரணத்தையும் பார்த்து மனிதன் ஆவியை நம்பினான், ஆவிகளிலிருந்து பல தெய்வங்கள், கடைசியில் ஒரே தெய்வம் என்றார். சமூகவியலாளர் துர்கைம் (1912) சமூகம் தன்னையே வணங்குகிறது என்றார். ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு வரி போதும்.

அப்புறம் குர்ஆனில் 71:23ஐத் திறவுங்கள். வத், சுவாஃ, யகூஸ், யஊக், நஸ்ர் என்று ஐந்து பெயர்கள் வரும். இவர்கள் நூஹ் (அலை) சமூகத்து நல்லடியார்கள் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவர்கள் இறந்தபின் நினைவுக்காகச் சிலை வைத்தார்கள். வைத்தவர்கள் இருந்தவரை யாரும் வணங்கவில்லை. அவர்களும் போய், விவரம் தெரிந்தவர் இல்லாமல் போனபோதுதான் வணக்கம் தொடங்கியது. டைலர் முடிவில் வைத்த ஓரிறை இங்கே தொடக்கத்தில் நிற்கிறது! பிள்ளை இந்த இடத்தில் நிதானமாக யோசிக்கட்டும்.

சரி, பயம்? அதை மறுக்க வேண்டாம். என் பாட்டனார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர். புயலில் கேட்ட துஆவைப் போல வாழ்நாளில் கேட்டதில்லை என்பார். கப்பலில் அல்லாஹ்வை மட்டும் அழைப்பவர்கள் கரையேறியதும் இணைவைக்கிறார்கள் என்று 29:65 சொல்கிறது. பயம் இறைவனை உண்டாக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஃபித்ராவின் (இறைவனை அறியும் பிறவி இயல்பின்) மேல் படிந்த தூசியைத் தட்டிவிடுகிறது. 30:30ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஷ்மித் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஆதி மக்களிடம் ஓரிறை நம்பிக்கைதான் இருந்தது என்று 12 தொகுதிகள் எழுதினார். நானும் அதை ஆதாரமாக வெகுகாலம் காட்டினேன். மானிடவியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நம் ஈமானை அதன்மேல் சாய்த்து வைக்காதீர்கள்.

பரீட்சைத் தாளில் டைலர் சொன்னதை டைலர் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். மறுப்பு அதற்கு அடுத்த பத்தியில் வரட்டும்.