வாய்க்கால் விரால்: மூச்சு விடும் இடம் பார்த்துத் தூண்டில் போடுவது

மதுரை மாவட்டத்தில் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பெரியாறு கிளை வாய்க்கால்களில் பாசனத் தண்ணீரை நிறுத்தியதும் ஓட்டம் அறுந்து, அங்கங்கே கசம் (ஆழமான பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்) மட்டும் மிஞ்சும். பாலத்தடி, மடைக்குக் கீழே அரித்த பள்ளம், வளைவில் சீமைக்கருவேல வேர் தொங்கும் கரை: விரால் ஒதுங்குவது இங்கேதான். தூண்டிலுக்கு இதுவே நல்ல நேரம். தண்ணீர் போகிற நாளில் பெரிய கால்வாயில் இறங்கவே கூடாது. சிமெண்ட் சரிவில் பாசி வழுக்கும், ஷட்டர் பக்கம் இழுக்கும், ஏறி வரப் பிடிமானம் இருக்காது.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றை விழுங்காவிட்டால் நல்ல தண்ணீரிலும் செத்துப்போகும். அதனால் போனதும் தூண்டிலை வீசாதீர்கள். கரையிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து கால் மணி நேரம் தண்ணீரைப் பாருங்கள். கெண்டை துள்ளினால் தண்ணீர் தெறிக்கும், சத்தம் கேட்கும். விரால் மூச்சு வாங்கினால் சின்னதாய் ஒரு வளையம் விரியும், நடுவில் ஒன்றிரண்டு குமிழி நிற்கும், அவ்வளவுதான். ஒரே இடத்தில் இரண்டு முறை வளையம் எழுந்தால் மீனின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை நன்றாகக் கடிக்கும். கோடை உச்சி வெயிலில் நிழல் விழுந்த பாலத்தடியை மட்டும் பார்த்தால் போதும்.

ஆறரை முதல் ஏழு அடி வரை உள்ள விறைப்பான ராடு (தூண்டில் கம்பு), 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நூல். இதற்குக் குறைந்த நூல் வேண்டாம். மீனின் எடைக்காகச் சொல்லவில்லை. எட்டடி அகல வாய்க்காலில் தூண்டில் முள் பட்ட விரால் ஓடுகிற முதல் இடம் வேர்தான். அங்கே போய்ச் சுற்றிக்கொண்டால் நூலும் போச்சு, மீனும் போச்சு. ஆகவே ரீலின் டிராக்கை (நூல் ஓடாமல் பிடிக்கும் திருகை) இறுக்கமாக வையுங்கள், நூல் விட்டுக்கொடுக்கக் கூடாது. முடிச்சைப் போட்டதும் எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள். உலர்ந்தபடி இழுத்தால் நூல் நூலையே அறுக்கும்.

பாசியும் ஆகாயத்தாமரையும் மூடிய இடத்துக்கு ரப்பர் தவளையே (தவளை வடிவப் போலி இரை) சரி. அதன் இரட்டை முள் முதுகோடு படிந்திருப்பதால் பாசியில் மாட்டாது. வளையம் எழுந்த இடத்தின் மேலேயே போடாதீர்கள். நாலடி தாண்டி விழவிட்டு, ராடு நுனியை மெல்லத் தட்டித் தட்டி, விட்டு விட்டு இழுங்கள். பாசிக்கு நடுவே திறந்த தண்ணீர் வரும்போது ஐந்து விநாடி அசைக்காமல் நிறுத்துங்கள். பெரும்பாலும் அடி அங்கேதான் விழும்.

முக்கால்வாசிப் பேர் மீனை விடுவது அடுத்த நொடியில்தான். ‘டப்’பென்று தண்ணீர் வெடித்ததும் கை தானாக ராடை வெட்டி இழுத்துவிடும், தவளை காற்றில் பறந்து வந்து சட்டையில் ஒட்டும். விரால் கவ்வி, வாயை மூடி, கீழே திரும்ப வேண்டும். ரப்பர் உடம்பு நசுங்கினால்தான் முள் வெளியே வரும். மனசுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு’ எண்ணுங்கள். நூல் இறுகி இழுபடுவது தெரிந்ததும் ராடை ஓங்கி மேலே தூக்குங்கள், தலையைத் தண்ணீருக்கு வெளியே கொண்டுவந்து, நிறுத்தாமல் கரைக்கு இழுத்துப் போடுங்கள். நிதானமாக விளையாட்டுக் காட்ட இது குளமல்ல.

அடி விழுந்தும் முள் ஏறவில்லையா? தவளையின் கால் நீளமாக இருந்து மீன் அதை மட்டும் கடித்திருக்கலாம், பாதியாக நறுக்குங்கள். முள் நுனி முதுகில் அழுந்தியிருந்தால் குறடால் ஒரு மயிரிழை மேலே வளையுங்கள். தவளைக்குள் தண்ணீர் ஏறினால் மூழ்கும், அவ்வப்போது பிழிந்துவிடுங்கள்.

திறந்த தண்ணீரில் உயிர் இரை நன்றாக வேலை செய்யும். 0.45 மி.மீ. தங்கூஸ் (நைலான் நூல்), 1/0 அளவு முள், முள்ளுக்கு ஒன்றரை அடி மேலே தக்கை. இரண்டு மூன்று அங்குல ஜிலேபி மீன் குஞ்சை முதுகுத் துடுப்புக்குக் கீழே, நடு எலும்பில் படாமல் கோத்தால் வெகுநேரம் நீந்தும். எலும்பில் பட்டால் உடனே சாகும், விரால் சீண்டாது. மண்புழு வேண்டாம், கெளுத்தி வந்து மொய்க்கும். தக்கை அமுங்கிப் பக்கவாட்டில் நகரும்போது இழுங்கள், முதல் அமுங்கலில் அல்ல.

மழைக்காலத்தில் செக்கச் சிவந்த பொடிக்குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பதுபோல் மேலே வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். பிடிப்பது ரொம்ப எளிது, அதனாலேயே பிடிக்காதீர்கள். காவல் போனால் ஜிலேபி அந்தக் குஞ்சுக் கூட்டத்தைத் தின்றுவிடும்.

கையால் பிடித்தால் வழுக்கும், பல்லும் கூர்மை. ஈரச் சாக்கால் தலைக்குப் பின்னால் அமுக்கிக்கொண்டு குறடால் முள்ளை எடுங்கள். வாளியில் போட்டால் மூடி வையுங்கள், துள்ளி வெளியேறிப் புல்லில் ஊர்ந்து போய்விடும். ஈரச் சாக்கில் சுற்றினால் வீடு வரை உயிரோடு வரும். அறுக்கும் முன் சாம்பலோ கல்லுப்போ போட்டுக் கல்லில் தேய்த்தால்தான் அந்த வழவழப்பு போகும். அது போகாமல் குழம்பு வைத்தால் கவிச்சி அடிக்கும்.

கண்மாய் என்றால் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகை யாரிடம் என்று விசாரித்துக் கேட்டுவிட்டே தூண்டில் போடுங்கள். நாற்று நட்ட வயலின் வரப்பில் நடக்காதீர்கள். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும். தடித்த அடி உள்ள ஷூ போடுங்கள், கோரைக்குள் கால் வைக்கும் முன் கம்பால் தட்டுங்கள். தவளையைத் தேடி அங்கே பாம்பும் வரும்.